பலகை இல்லாத கர்னல்

எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். இதை யாருகிட்ட சொன்னாலும் சிரிக்கிறாங்க. சிரிக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. நான் ஒரகடத்துல ஏ ஷிஃப்ட், காலையில ஆறு மணிக்கு உள்ள போனா ரெண்டு மணிக்கு வெளிய. கம்பெனி பஸ் என்னை மண்ணூர் ரோட்டு முனையில இறக்கிவிடும்போது ரெண்டு இருபத்தஞ்சு. என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பி ஷிஃப்ட். அவரை ஏத்திக்கிற பஸ் அதே முனைக்கு ரெண்டு நாப்பத்தஞ்சுக்கு வரும். நடுவுல இருக்கறதுதான் எங்க குடும்பம்.

ராத்திரி அவரு திரும்பி வர்றப்ப மணி ஒண்ணு, நான் தூக்கத்துல இருப்பேன். விடியக்காலம் நாலரைக்கு நான் எழுந்திருக்கறப்ப அவரு தூக்கத்துல. ஒருத்தர் தூங்கற முகத்தை இன்னொருத்தர் பார்த்தே நாலு வருஷம் ஓடிப்போச்சு. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அவருக்குப் பாதி ஞாயிறு ஓ.டி., மீதி ஞாயிறு வடக்குப்பட்டுல அவங்க அம்மா வூடு. ஷிஃப்ட் போடறவருக்கும் எங்களுக்கும் ஏதோ முன்ஜென்மப் பகைன்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன்.

அந்த ரெண்டரை மணி வெயிலே ஒரு தினுசு. நாலரைக்கு எழுந்த உடம்பு பஸ்ஸைவிட்டு இறங்கும்போது பாதிதான் முழிச்சிருக்கும். கன்டெய்னர் லாரிங்க போய்க்கிட்டே இருக்கும், தார் ரோட்டுமேல காத்து நெளியும், எதிர்ல இருக்கற கம்பெனிச் சுவர் தண்ணிக்குள்ள நிக்கறாப்ல ஆடும். அதுக்கு நடுவுல, டீக்கடை ஓரமா, நீலச் சட்டை யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஒரு ஆள் நிப்பாரு. அது என் வீட்டுக்காரர்னு எனக்கு உறைக்கறதுக்கே கொஞ்ச நேரம் ஆகும். பக்கத்துல போய் டிபன் பையை வாங்கினப்புறம்தான் ஆள் நிஜம்னு ஆவாரு. பல நாள் நாங்க பேசறதுகூட இல்ல. டீயைக் குடிச்சிட்டு சும்மா நிப்போம்.

இப்ப லேப்டாப்புக்கு வரேன். ஒரு ஆபீஸ்ல கழிச்சுவிட்ட பழைய மிஷின், எங்க வீட்டுல அது ஒண்ணுதான் பெரிய சாமான். பட்டனை அமுக்கினா முழிச்சு எழுந்து உக்கார அஞ்சு நிமிஷம் எடுத்துக்கும். எனக்கு இதுல ஒரு மானப் பிரச்சினை இருந்துச்சு. என் வேலையே டெஸ்ட் ஸ்டேஷன். லைன்ல வர்ற ஒவ்வொரு சர்க்யூட் போர்டுக்கும் கரண்டு குடுத்து, ஒழுங்கா முழிக்குதான்னு பார்த்து, பச்சை வந்தா தள்ளிவிடணும், சிவப்பு வந்தா எடுத்து வைக்கணும். ஒரு போர்டு நாப்பது செகண்டுக்கு மேல எடுத்தாலே நான் சந்தேகப்படுவேன். அப்பேர்ப்பட்டவ வீட்டுல இந்தக் கிழம் அஞ்சு நிமிஷம் முனகிக்கிட்டு எழுந்தா எரிச்சல் வராதா? எனக்குக் கோபம் எப்பவுமே மூக்குமேல. எங்க அம்மாகிட்ட கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க.

அதனாலதான் சொந்தமா ஒரு கர்னல் கட்டணும்னு இறங்கினேன். கர்னல்னா, மிஷின் முழிச்சதும் உள்ள முதல்ல எழுந்து உக்கார்றது. ஸ்கிரீன் எது, மவுஸ் எது, ஸ்பீக்கர் எது, யாருகிட்ட எப்படிப் பேசணும்னு எல்லாம் அதுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சாமானுக்கும் பேசத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு உள்ள இருக்கும், அதுக்கு டிரைவர்னு பேரு. கம்பெனிக்காரங்க குடுக்கற கர்னல்ல உலகத்துல இருக்கற எல்லா சாமானுக்கும் டிரைவர் வச்சிருப்பாங்க, நம்ம வீட்டுக்கு எந்தக் காலத்துலயும் வராத சாமானுக்கும் சேர்த்து. அதோட சோர்ஸ், அதாவது அதை எழுதி வச்சிருக்கற மூலம், யாரு வேணாலும் எடுத்துக்கலாம். வேண்டாததை எல்லாம் கழிச்சிட்டு, வேணுங்கறதை மட்டும் வச்சு, மிஷினுக்குப் புரியற மாதிரி நாமே மாத்திக் கட்டிக்கலாம், அதுக்குப் பேரு கம்பைல் பண்றது. நாள் முழுக்க அடுத்தவங்க செஞ்சது முழிக்குதான்னு பார்க்கறவளுக்கு, தான் செஞ்சது ஒண்ணு முழிக்கறதைப் பார்க்கணும்னு ஆசை வந்தா அதுல என்ன தப்பு இருக்கு?

ஆனா நான் இறங்கின நேரம்தான் சரியில்ல. அந்த வாரம் அவரு கம்பெனியில ஒரு ஃபார்ம் குடுத்திருந்தாங்க. வடக்க வேற ஸ்டேட்டுல புது பிளான்ட் தொடங்கறாங்க, போறதுக்கு விருப்பம் இருக்கறவங்க எழுதிக் குடுக்கணும். மூணு வருஷம். போனா டீம் லீடர். ரெண்டு தாள், சனிக்கிழமை கடைசி நாள். அவரு அதை டிபன் பையில வச்சு ஸ்டாப்புக்குக் கொண்டாந்து என்கிட்ட காட்டினாரு.

"இன்னா சொல்ற?"

"போறதுன்னா போங்க," அப்படின்னேன்.

இதுதான் என் வாய். மனசுல ஒண்ணு இருக்கும், வாயில வேற ஒண்ணு வரும். போகாதீங்கன்னு சொல்லணும்னு நெஞ்சு முழுக்க இருந்துச்சு. ஆனா டீம் லீடர் ஆகறதை நான்தான் தடுத்தேன்னு ஆயிடக்கூடாதில்ல.

அவரு டம்ளரைக் கையில உருட்டிக்கிட்டே சொன்னாரு. "இங்க இருந்துகினு மட்டும் இன்னா கிழிக்கிறோம்? இருபது நிமிஷம். அங்க போனா டெய்லி ஒரு மணி நேரம் ஃபோன்ல பேசலாம். கணக்குப் பாத்தா அதான் ஜாஸ்தி."

அவரு சொன்னது சரிதான்னு தோணினதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. பஸ் வந்துச்சு, ஏறிப் போயிட்டாரு.

அன்னைக்கே உக்காந்து கர்னல் வேலையை ஆரம்பிச்சேன். கையைச் சும்மா வச்சுக்கிட்டு இருந்தா அந்த ஃபார்ம்தான் கண்ணு முன்னால வருது. ஆயிரக்கணக்கான டிரைவர்ல எது வேணும், எது வேண்டாம்னு ஒவ்வொண்ணாப் பார்த்து முடிக்க நமக்கு ஆயுசு பத்தாது. அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. ஒரு கமாண்டு போட்டா, இந்த நிமிஷம் மிஷின்ல எதெது ஓடிக்கிட்டிருக்குன்னு அதுவே ஆஜர் எடுக்கும். ஆஜர்ல இருக்கறதை வச்சுக்கும், இல்லாததை எல்லாம் கழிச்சுடும். மூணு மணி இருக்கும், ஜன்னலைச் சாத்திட்டு, டேபிள் ஃபேன் முன்னால தரையில உக்காந்து அந்தக் கமாண்டைப் போட்டேன். என் மவுஸ், லைன் வேலையைப் பழகிப் பார்க்க நான் வாங்கி வச்சிருந்த ஒரு சின்ன போர்டு, ஸ்கிரீன், வைஃபை. அவ்வளவுதான் வந்துச்சு. இவ்வளவு சின்னதா இருக்கேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் கம்பைல். ஸ்கிரீன்ல ஃபைல் பேருங்க வரிசையா மேல ஏறிக்கிட்டே இருக்கும். நம்ம வேலை எதுவும் இல்ல, சூடு ஏறினா நிறுத்தி ஆறவிடணும், அவ்வளவுதான். நான் தரையிலேயே படுத்துக்கிட்டு அதைப் பார்த்துக்கிட்டிருப்பேன். பாதி தூக்கத்துல அந்த வரியெல்லாம் எங்க லைன் பெல்ட்டுல ஏறிடும், ஒவ்வொண்ணையும் நான் எடுத்துக் கரண்டு குடுத்துப் பார்ப்பேன், எல்லாம் பச்சையா வரும். ஒரு தடவை பெல்ட்டுல இவரு தூங்கற முகம் வந்துச்சு. முழிச்சுப் பார்த்தா வேர்வையில தலைமுடி நனைஞ்சிருந்துச்சு. மூணு சாயங்காலம் இப்படியே போச்சு.

புதன்கிழமை விளக்கு வைக்கற நேரத்துக்குக் கர்னல் ரெடி. அதோட பேருக்குப் பின்னால ஒரு வால் சேர்த்துக்கலாம், நான் மண்ணூர்னு சேர்த்திருந்தேன். ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணினேன். முப்பத்தெட்டு செகண்டு. ஸ்கிரீன்ல மண்ணூர்னு வந்ததைப் பார்த்து நான் தனியா உக்காந்து கை தட்டினேன், கீழ்வீட்டுக்காரங்க ஏதாவது நினைச்சுக்கட்டும். அவருக்கும் தெரியட்டும்னு ஒரு துண்டுப் பேப்பர்ல "ஆன் பண்ணிப் பாருங்க" அப்படின்னு எழுதி லேப்டாப் மேல வச்சிட்டுத் தூங்கிட்டேன்.

வியாழக்கிழமை ஸ்டாப்புல அவரு முகமே சரியில்ல.

"பலகை பேசல," அப்படின்னாரு.

பலகைன்னா அவரோட கீபோர்டு, பாட்டு வாசிக்கறது. இருபத்தஞ்சு கட்டை, முழம் நீளம். அதுக்குன்னு தனியா சத்தம் கிடையாது, லேப்டாப்புல சொருகினாத்தான் சத்தம் வரும். அதனாலதான் எங்க வீட்டுல அதுக்குப் பலகைன்னு பேரு. ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போன ஒரு கூட்டாளி குடுத்துட்டுப் போனது. காலையில ஒம்பது மணிக்கு எழுந்து, ரெண்டு மணி நேரம் அதுல உக்காந்து ஃபோனைப் பார்த்து ஒரே ஒரு பாட்டைக் கத்துக்கிட்டிருந்தாரு. ஒரு வருஷமா அதே பாட்டு. நான் கேட்டதே இல்ல. நான் இருந்தா வாசிக்க மாட்டாரு, வெக்கம். வாசிங்களேன்னு கேட்டா, "இன்னும் வரல, வந்ததும் வாசிக்கிறேன்," அப்படின்னு பலகையை பீரோ மேல தூக்கி வச்சிடுவாரு. நான் பார்க்கறப்ப எல்லாம் அது பீரோ மேலதான் இருக்கும்.

பீரோ மேல இருக்கற சாமான் ஆஜர்ல எப்படி வரும்? அவரு சொன்ன அந்த நிமிஷமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா தப்பை உடனே ஒத்துக்கற வாயா எனக்கு வாச்சிருக்கு?

"ஆன் பண்றப்ப வர்ற மெனுவுல பழைய கர்னல் இருக்கு. அதுல போட்டா பேசும். ஒரு நாள் வாசிக்கலன்னா என்ன இப்ப, கச்சேரியா நின்னுபோச்சு?"

அவரு கோபப்படல. கோபப்பட்டிருந்தா தேவலை. "பழசுல வரும்," அப்படின்னாரு. "அப்ப புதுசுல நான் இல்ல."

"அப்படியில்லங்க, நான் ஆஜர் எடுத்தப்ப அது சொருகியில்ல."

"நீ எடுக்கறப்ப எப்பவும் நான் வூட்ல இருக்கமாட்டேனே." காலி டம்ளரைக் கீழ வச்சாரு. "சரி வுடு. ஃபார்மை சனிக்கெழம குடுத்துடறேன். உன் மிஷினே சொல்லிடுச்சு."

எனக்கு வந்துச்சே பாருங்க கோபம். அது வந்தா எனக்கு 'நீங்க' காணாமப் போயிடும். "போ. போய்க்கோ. மிஷின் மேல பழியைப் போட்டுட்டுப் போ." அதுக்குள்ள வந்து நின்ன பஸ்ல இருந்தவங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. அவரு ஏறி ஜன்னலோரமா உக்காந்து இந்தப் பக்கமே திரும்பல.

வீட்டுக்கு வந்து நான் செஞ்ச முதல் வேலை, ஸ்டூல் போட்டு ஏறி பலகையை எடுத்து சொருகினதுதான். என்னதான் ஆகுதுன்னு பார்க்கணும்னு. மிஷின் ஒரு வரி எழுதிச்சு, புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு. அதோட பேரைக்கூடப் படிச்சு எழுதிச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. பேர் தெரியுது, ஆனா அதுகிட்ட பேசத் தெரிஞ்சவங்க உள்ள யாரும் இல்ல. ஒரு கட்டையை அமுக்கினேன், டக்குனு பிளாஸ்டிக் சத்தம் மட்டும் வந்துச்சு. அப்படியே உக்காந்து அழுதேன். யாரும் பார்க்கலைங்கறதால கொஞ்சம் தாராளமாவே அழுதேன்.

அதுக்கான டிரைவரைத் தேடிப் பிடிச்சு அது ஒண்ணை மட்டும் சேர்த்திருக்கலாம். ஆனா பலகை மட்டும்தானா? நான் இல்லாத நேரத்துல அவரு இந்த மிஷின்ல இன்னும் எதையெல்லாம் சொருகறாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாலு வருஷம் ஒரே வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியல. அதுதான் உண்மை. இன்னொரு சீட்டு எழுதினேன். "நாளைக்கு ஸ்டாப்புக்கு வரும்போது லேப்டாப்பையும், நீங்க அதுல சொருகற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. ஒண்ணு விடாம." வருவாரா மாட்டாராங்கற யோசனையிலேயே வெள்ளிக்கிழமை லைன்ல ரெண்டு நல்ல போர்டை சிவப்புல வச்சு சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ரெண்டு இருபத்தஞ்சுக்கு இறங்கினேன். டீக்கடை ஓரமா நின்னுக்கிட்டிருந்தாரு. தோள்ல லேப்டாப் பை, கையில இருபத்தஞ்சு கிலோ அரிசிப் பை ஒண்ணு, அதுக்குள்ளேயிருந்து பலகை தலையை நீட்டிக்கிட்டிருந்துச்சு. அந்த வெயில்ல, அந்த ஆடற சுவருக்கு முன்னால, அவ்வளவையும் தூக்கிக்கிட்டு வந்து நின்ன ஆளைப் பார்த்ததும் நேத்து பேசினதெல்லாம் எனக்கு மறந்துபோச்சு.

மிஷினோட பேட்டரி கால் மணி நேரம்கூடத் தாங்காது. டீக்கடை அக்காகிட்ட கேட்டேன், மிக்ஸியைக் கழட்டிட்டு பிளக் பாயின்ட்டைக் குடுத்தாங்க. சிமென்ட் பெஞ்சுல லேப்டாப்பை வச்சு, பழைய கர்னல்ல போட்டேன். பழசுக்குத்தான் எல்லாரையும் தெரியும், ஆஜர் அதுலதான் எடுக்க முடியும். அது அஞ்சு நிமிஷத்தை முழுசா எடுத்துக்கிச்சு. பக்கத்துல பக்கத்துல உக்காந்து அந்த வட்டம் சுத்தறதைப் பார்த்துக்கிட்டிருந்தோம். அவரு யூனிஃபார்ம்ல சோப்பு வாசனை, என்னுதுல சால்டரிங் வாசனை. அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு நீளவே இல்ல.

"ஒவ்வொண்ணா சொருகுங்க," அப்படின்னேன். "ஒரு தடவை சொருகிட்டு எடுத்தாலும் போதும். ஆஃப் பண்ற வரைக்கும் அதோட பேரை வச்சிருக்கும்."

முதல்ல பலகை. அடுத்தது பழைய மெமரி கார்டு படிக்கற ஒரு சாமான். அப்புறம் ஒயர் பிஞ்ச மவுஸ் ஒண்ணு, அதுக்கு டேப் சுத்தியிருந்துச்சு. ஒரு ஜாய்ஸ்டிக்.

"இது எப்போலேர்ந்து?"

"கிரிக்கெட் ஆடறதுக்கு. காலைல, பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா?"

"அரை மணி."

கடைசியா ஒரு குட்டி ஃபேனை எடுத்தாரு. இதுக்கு டிரைவரே வேணாம், வெறும் கரண்டுதான்னு சொன்னேன். பரவால்ல, அதுவும் ஆஜர் குடுக்கட்டும்னு சொருகினாரு. அது பாட்டுக்கு என் முகத்துல காத்தடிச்சுது. அக்கா டீயைக் கொண்டாந்து வச்சிட்டு, "இன்னாம்மா இது, நடுரோட்ல ஆபரேசன் நடக்குதா?" அப்படின்னாங்க. அவரு சிரிச்சாரு. அந்த வாரத்துல அவரு சிரிச்சு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கமாண்டைப் போட்டு லிஸ்ட்டைத் திறந்து அவருக்குக் காட்டினேன். இது உங்க ஜாய்ஸ்டிக், இது உங்க கார்டு, இது பலகை. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு குறி இருக்கும், சிலதுக்கு எம்னு ஒரு எழுத்து, சிலதுக்கு நட்சத்திரம். எதுக்குன்னு கேட்டாரு. எம்னா வெளிய தனியா இருக்கும், சாமானை சொருகினா உள்ள வரும். நட்சத்திரம்னா கர்னலோடயே சேர்த்துக் கட்டிடறது, சாமான் இருந்தாலும் இல்லன்னாலும் அது உள்ளதான் இருக்கும். இதைச் சொல்லி முடிச்சப்புறம்தான் நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்னே எனக்கு உறைச்சுது.

"பலகை எதுல கீது?"

"எம்ல."

"ம்," அப்படின்னாரு. அக்கா கடைக்குள்ளேயிருந்து, "தம்பி, உன் பஸ்சு வருது பாரு," அப்படின்னாங்க. லேப்டாப்பைக் கம்பெனிக்குள்ள விடமாட்டாங்க, அதனால எல்லாத்தையும் என் கையில குடுத்துட்டு, டிபன் பையை மட்டும் எடுத்துக்கிட்டாரு. அந்தப் பையிலதான் ஃபார்ம் இருந்துச்சு, ஓரம் வெளிய தெரிஞ்சுது. நான் பார்த்ததை அவரும் பார்த்தாரு. ஏறிக்கிட்டாரு. பஸ் போயிடுச்சு.

அரிசிப் பையைத் தூக்கிக்கிட்டு வெயில்ல நடந்து வீட்டுக்கு வந்தேன். பலகைக்கு நட்சத்திரம் போடலாம்னு பார்த்தா விடமாட்டேங்குது. அதை உள்ள வைக்கணும்னா அது யாரையெல்லாம் நம்பி இருக்கோ அவங்களையும் உள்ள வைக்கணுமாம். ஒவ்வொண்ணாத் தேடிப் போய் நட்சத்திரம் போட்டேன். கடைசியா பலகைக்கும் போட்டேன். பழைய கம்பைலை எல்லாம் துடைச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். போன தடவை மூணு சாயங்காலம் எடுத்தது, இந்தத் தடவை விடியறதுக்குள்ள முடியணும். சனிக்கிழமை காலையில அவரு எழுந்து உக்கார்றப்ப பலகை பேசணும். ஃபார்மைக் குடுக்கப்போற ஆளை அது நிறுத்துமான்னு எனக்குத் தெரியாது. ஆனா தான் ஆஜர்லயே இல்லாத இடத்துலேர்ந்து அவரு கிளம்பிப் போகக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

மிஷின் தாங்கல. ஆறு மணிக்கு சூடு ஏறித் தானா ஆஃப் ஆச்சு. ஆறவிட்டு, விட்ட இடத்துலேர்ந்து ஓட்டினேன். எட்டரைக்கு மறுபடியும். கைவச்சா சுட்டுது, அடியில காத்து போக வழியில்லாம தரையோட ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அது எனக்கு அப்ப தோணவே இல்ல, நான் ஈரத்துணியை வச்சுத் துடைச்சுக்கிட்டிருந்தேன். மூணாவது தடவை ஓடவிட்டு, பலகையை மடியில வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டிருந்தவ அப்படியே தூங்கிப்போயிட்டேன்.

அலாரம் அடிச்சப்ப நாலரை. எனக்குத் தலைக்கு அடியில தலகாணி இருந்துச்சு, நான் வச்சது இல்ல. பலகை சுவர் ஓரமா சாய்ச்சு வச்சிருந்துச்சு. இவரு பக்கத்துல பாய்ல தூங்கிக்கிட்டிருந்தாரு, பனியன் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. டேபிள் ஃபேன் எங்கன்னு பார்த்தேன். ராத்திரி வந்ததும் தன் பக்கம் வச்சுக்கறவரு, அன்னைக்கு அதைத் தரையில இறக்கி லேப்டாப் பக்கம் திருப்பி வச்சிருந்தாரு. ஸ்கிரீன்ல ஓட்டம் நின்னிருந்துச்சு. ஆஃப் ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன். கிட்ட போய்ப் பார்த்தா வேலை முடிஞ்சு, அடுத்தது என்னன்னு கேட்டுக்கிட்டு நின்னுச்சு.

தொட்டுப் பார்த்தேன், அவ்வளவு சூடு இல்ல. அடியில விரல் நுழையற அளவுக்கு இடம் இருந்துச்சு. பின்பக்கக் கால் ரெண்டுக்கும் அடியில பேப்பரை மடிச்சு மடிச்சு முட்டுக் குடுத்திருந்தாரு, நல்ல தடிமனா, நாலா எட்டா மடிச்சது. மடிப்போட ஓரத்துல அச்சடிச்ச கட்டம் தெரிஞ்சுது. அவரு பேரோட முதல் எழுத்து தெரிஞ்சுது. அந்த ரெண்டு தாள், காலுக்கு ஒண்ணு.

அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் போகல. நாலு வருஷத்துல முதல் தடவை. புது கர்னலைப் போட்டு ஆன் பண்ணினேன், நாப்பத்தொரு செகண்டு. மூணு செகண்டு கூட. போகட்டும். பலகையை சொருகினேன், பேர் வந்துச்சு, கூடவே அதுகிட்ட பேசற ஆளும் வந்துச்சு. சத்தத்தைக் குறைச்சு ஒரு கட்டையை மெதுவா அமுக்கினேன். அந்தச் சின்ன சத்தத்துக்கு அவரு புரண்டு படுத்தாரு. அதுக்கப்புறம் நான் தொடல. வெளிய கம்பெனி பஸ்ஸுங்க ஒவ்வொண்ணாப் போறது கேட்டுச்சு, ஜன்னல் வெளுத்துச்சு. அந்த முகத்தை அவசரமில்லாமப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஒம்பது மணிக்குக் கண்ணைத் திறந்தாரு. என்னைப் பார்த்துட்டு, கனவுன்னு நினைச்சுக்கிட்டு மறுபடி மூடினாரு. அப்புறம் எழுந்து உக்காந்தாரு.

"இன்னா, வேலைக்குப் போவலியா?"

"போகல. வாசிங்க."

"பல்லு விளக்கிட்டு வரேன்."

"முதல்ல வாசிங்க."

வெக்கப்பட்டுக்கிட்டே பலகையை மடியில இழுத்தாரு. ஒரு வருஷமாக் கத்துக்கிட்ட அந்தப் பாட்டு. நல்லாவே வாசிச்சாரு, நடுவுல ஒரு இடத்துல விரல் தடுக்கி நின்னாரு, மறுபடி முதல்லேர்ந்து வந்தாரு, அதே இடத்துல நின்னாரு. நான் சிரிக்கல. சிரிச்சா பலகை பீரோ மேல ஏறிடும்னு பயம். தெரியாதவ மாதிரி கேட்டேன்.

"இன்னைக்குத்தானே ஃபார்ம் குடுக்கணும். எங்க அது?"

கட்டையிலேர்ந்து கையை எடுக்கல. லேப்டாப்பை மோவாயால காட்டினாரு.

"அது டூட்டில கீது. எடுக்காத, சூடாயிடும்."